வேர்டு கோப்பை லேஅவுட்டுக்குள் கொண்டுவரும்போது உரை குலைகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தகம், ஆண்டு மலர், ஆய்வேடு என்று எதுவானாலும் எழுதுபவர் வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ எழுதித் தருகிறார். அதை இன்டிசைன், ஸ்க்ரைபஸ் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஏற்றும் இடத்தில்தான் பாதித் தலைவலி தொடங்குகிறது. தமிழில் அது கொஞ்சம் கூடுதல். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மெனு பெயர்கள் பெரும்பாலும் இன்டிசைனை ஒட்டியவை. ஸ்க்ரைபஸுக்குத் தனிக் கேள்வி உண்டு.

வேர்டில் ஒழுங்காக இருந்த கோப்பு, இன்டிசைனுக்குள் வந்ததும் ஏன் தாறுமாறாகிறது?

வேர்டில் ஒரு தலைப்பைப் பெரிதாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 'ஹெடிங் 1' என்ற ஸ்டைலைக் கொடுப்பது. இன்னொன்று, எழுத்தைத் தேர்ந்தெடுத்து அளவை 18 ஆக்கி, போல்டை அழுத்தி, நடுவில் நிறுத்துவது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் இரண்டாவது வகைத் தலைப்பு கோப்பைப் பொறுத்தவரை தலைப்பே இல்லை. பெரிய எழுத்தில் உள்ள சாதாரணப் பத்தி, அவ்வளவுதான். லேஅவுட் மென்பொருளும் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது.

அதேபோல, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நடுவில் நிறுத்திய வரிகள், டேப் அடித்து உள்தள்ளிய பத்திகள், இடைவெளிக்காக அடித்த வெற்று என்டர்கள் எல்லாம் வேர்டின் அந்தப் பக்க அகலத்துக்கும் அந்த எழுத்துருவுக்கும் மட்டுமே பொருந்தியவை. அகலம் மாறியதும் அத்தனையும் அம்பலமாகிவிடும்.

ஆகவே குலைவுக்கு இம்போர்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலான சிக்கல்களை வேர்டு கோப்பிலேயே சரிசெய்வதுதான் குறைந்த உழைப்பு. அங்கே ஒரு நிமிடத்தில் முடிவது, நூறு பக்கம் ஓடவிட்ட பிறகு ஒரு மாலைப்பொழுதை விழுங்கும். வேலையைத் தொடங்குமுன் மூலக் கோப்பின் நகல் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். அதை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது.

காப்பி, பேஸ்ட் செய்தால் போதாதா?

ஒரு பத்தி, இரண்டு பத்தி என்றால் சரி. முழு அத்தியாயத்துக்கு வேண்டாம். இன்டிசைன் இயல்பாக வெளியிலிருந்து ஒட்டப்படும் உரையில் எழுத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். சாய்வெழுத்து, போல்டு, ஸ்டைல், அடிக்குறிப்பு எதுவும் வராது. இந்த இழப்பு உடனே கண்ணில் படாது என்பதுதான் ஆபத்து. அச்சுக்குப் போன பிறகு, நூற்பெயர்களுக்கு இருந்த சாய்வு எங்கே என்று ஆசிரியர் கேட்பார்.

'ஃபைல்' மெனுவில் 'பிளேஸ்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் 'ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்' என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள். அதை டிக் செய்யாவிட்டால், கடைசியாக என்ன அமைப்பு இருந்ததோ அதிலேயே ஏறிவிடும்.

அந்த இம்போர்ட் ஆப்ஷன்ஸ் பெட்டியில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

முக்கியமான முடிவு ஒன்றுதான்: வேர்டின் வடிவமைப்பை வைத்துக்கொள்வதா, துடைத்தெறிவதா?

'ரிமூவ் ஸ்டைல்ஸ் அண்ட் ஃபார்மேட்டிங்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் வெளுத்துச் சுத்தமாக வரும். அதன் கீழேயே 'பிரிசர்வ் லோக்கல் ஓவர்ரைட்ஸ்' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதை டிக் செய்தால் பத்தி ஸ்டைல்கள் போனாலும் போல்டு, சாய்வு போன்றவை தங்கும். ஸ்டைலே பயன்படுத்தாமல் எழுதப்பட்ட கோப்புக்கு இது நல்ல வழி.

ஆசிரியர் ஒழுங்காக ஸ்டைல் போட்டுத் தந்திருந்தால், 'பிரிசர்வ் ஸ்டைல்ஸ்' பக்கம் போய், 'கஸ்டமைஸ் ஸ்டைல் இம்போர்ட்' வழியாக 'ஸ்டைல் மேப்பிங்' பெட்டியைத் திறங்கள். வேர்டின் 'நார்மல்' உங்கள் 'உரை' ஸ்டைலுக்கும், 'ஹெடிங் 1' உங்கள் 'அத்தியாயத் தலைப்பு' ஸ்டைலுக்கும் போகும்படி இங்கே இணைத்துவிடலாம். பிறகு அதை ஒரு பிரீசெட்டாகச் சேமித்தால், இருபது அத்தியாயங்களும் ஒரே மாதிரி வந்து உட்காரும். எனக்குப் பிடித்த வழி இதுதான். முதல் அத்தியாயத்துக்கு எடுக்கும் நேரத்தை மற்ற அத்தியாயங்கள் திருப்பித் தந்துவிடும்.

மற்றவை சின்ன விஷயங்கள். 'இம்போர்ட் அன்யூஸ்ட் ஸ்டைல்ஸ்' வேண்டவே வேண்டாம். கோப்பில் எங்குமே பயன்படாத ஸ்டைல்கள் எல்லாம் வந்து பட்டியலை அடைத்துக்கொள்ளும். 'மேனுவல் பேஜ் பிரேக்ஸ்' என்பதில் 'நோ பிரேக்ஸ்' வையுங்கள். உள்ளடக்கப் பட்டியலை இன்டிசைனிலேயே உருவாக்கப் போகிறீர்கள் என்றால் வேர்டின் பட்டியலையும் இறக்க வேண்டாம். அதிலுள்ள பக்க எண்கள் எப்படியும் மாறிவிடும்.

ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி வருகிறது. அதை நீக்கினால் சாய்வெழுத்தும் சேர்ந்து போய்விடுகிறது. என்ன செய்வது?

இந்த வேலையிலேயே கவனமாகச் செய்ய வேண்டிய இடம் இது. கூட்டல் குறி என்றால், அந்தப் பத்தியில் ஸ்டைல் சொல்வதற்கு மேல் ஏதோ ஒரு மாற்றம் கையால் செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். அதைத்தான் ஓவர்ரைடு என்கிறார்கள். அந்த மாற்றங்களில் இரண்டு வகை உண்டு. வேர்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அளவு, நிறம், எழுத்துரு, வரி இடைவெளி போன்ற குப்பை ஒருவகை. ஆசிரியர் தெரிந்தே கொடுத்த சாய்வு, போல்டு, மேலெழுத்து, கீழெழுத்து இன்னொரு வகை. 'கிளியர் ஓவர்ரைட்ஸ்' பொத்தானுக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டையும் துடைத்துவிடும்.

எனவே துடைப்பதற்கு முன், வைத்துக்கொள்ள வேண்டியதைக் கேரக்டர் ஸ்டைலுக்குள், அதாவது பத்திக்குள் சில எழுத்துகளுக்கு மட்டும் கொடுக்கும் ஸ்டைலுக்குள், பூட்டிவிட வேண்டும். 'சாய்வு', 'தடிமன்', 'மேலெழுத்து' என்று கேரக்டர் ஸ்டைல்களை உருவாக்குங்கள். 'ஃபைண்ட்/சேஞ்ச்' பெட்டியைத் திறந்து, தேடும் சொல் இருக்கும் கட்டத்தைக் காலியாக விடுங்கள். 'ஃபைண்ட் ஃபார்மேட்' பகுதியில் எழுத்து வகை 'இட்டாலிக்' என்றும், 'சேஞ்ச் ஃபார்மேட்' பகுதியில் 'சாய்வு' கேரக்டர் ஸ்டைல் என்றும் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றுங்கள். போல்டுக்கும் மேலெழுத்துக்கும் இதையே திரும்பச் செய்யுங்கள். 'போல்டு இட்டாலிக்' தனி வகை, அதை மறந்துவிடுவது எளிது.

இதை முடித்த பிறகு உரை முழுவதையும் தேர்ந்தெடுத்து ஓவர்ரைடுகளை நீக்கலாம். கேரக்டர் ஸ்டைல் வழியாக வந்தவை அசையாமல் நிற்கும், குப்பை மட்டும் போகும். விசைப்பலகை வழியாகச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆல்ட் விசையோடு பத்தி ஸ்டைலைக் கிளிக் செய்தால் கேரக்டர் ஸ்டைல்கள் பிழைக்கும். ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்த்து அழுத்திக் கிளிக் செய்தால் அவையும் போய்விடும்.

எங்கெங்கே ஓவர்ரைடு ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, பத்தி ஸ்டைல் பேனலின் தலையில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் அந்த இடங்கள் நிறமிட்டுத் தெரியும். சரிபார்க்கும்போது அதை எப்போதும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உரை முழுவதும் இளஞ்சிவப்புப் பட்டை தெரிகிறதே?

அந்த எழுத்துரு, அல்லது எழுத்துருவின் அந்த வகை, உங்கள் கணினியில் இல்லை. 'டைப்' மெனுவில் உள்ள எழுத்துரு தேடும் பெட்டியில் இல்லாதவை பட்டியலாகத் தெரியும். அங்கேயே மாற்று எழுத்துருவைக் கொடுக்கலாம்.

தமிழில் இதற்கு இரண்டு தனிக் காரணங்கள் உண்டு.

முதலாவது, வேர்டு ஒரே சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துருக்களைப் பதிந்து வைக்கிறது. அதன் எழுத்துருப் பெட்டியைத் திறந்து பார்த்தால் லத்தீன் உரைக்கு ஓர் எழுத்துரு, 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற தலைப்பில் இன்னோர் எழுத்துரு என்று தனித்தனியே இருக்கும். தமிழ் இரண்டாவதன் கீழ் வருகிறது. எழுத்தளவும் அப்படித்தான், இரண்டுக்கும் தனித்தனி. இம்போர்ட்டின்போது தமிழ் உரைக்கு லத்தீன் பக்கத்து எழுத்துருவும் அளவும் ஒட்டிக்கொண்டால், தமிழே இல்லாத ஓர் எழுத்துருவில் தமிழ் உரை வந்து நிற்கும். கட்டங்களோ இளஞ்சிவப்போ தெரிவது அதனால்தான். உங்கள் பத்தி ஸ்டைலில் நல்ல தமிழ் யூனிகோட் எழுத்துருவைக் கொடுத்து ஓவர்ரைடை நீக்கினால் தீர்ந்தது.

இரண்டாவது, சாய்வெழுத்து. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் இட்டாலிக் வகை கிடையாது. வேர்டு நிமிர்ந்த எழுத்தையே செயற்கையாகச் சாய்த்துக் காட்டிவிடும். இன்டிசைன் அப்படிச் செய்யாது, இல்லாததை இல்லை என்றே காட்டும். இங்கே முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்தான். 'சாய்வு' கேரக்டர் ஸ்டைலில் சில டிகிரி சாய்வைக் கொடுத்து ஏமாற்றலாம். ஆனால் வளைவுகள் நிறைந்த தமிழ் எழுத்தை வலிந்து சாய்த்தால் பார்வைக்கு நன்றாக இருப்பதில்லை. நூற்பெயர் என்றால் ஒற்றை மேற்கோள், அழுத்தம் என்றால் சற்றே தடித்த வகை என்று வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். கேரக்டர் ஸ்டைல் போட்டுவிட்டால், இந்த முடிவை எப்போது வேண்டுமானாலும் ஒரே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

யூனிகோட் தமிழ்தான். ஆனாலும் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நிற்கிறது. எழுத்துரு கெட்டுப்போயிற்றா?

இல்லை. 'கெ' என்று எழுதும்போது கோப்பில் முதலில் க, அப்புறம்தான் ஒற்றைக் கொம்பு பதிவாகிறது. திரையில் கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது மென்பொருளின் வேலை. இன்டிசைனில் எழுத்துகளைச் சேர்த்து வரியாக அமைக்கும் பகுதிக்குக் கம்போசர் என்று பெயர். எல்லா கம்போசருக்கும் இது தெரியாது. 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காகச் சேரும். அது இல்லாதபோது கொம்பு எழுத்துக்குப் பின்னால் விழும், சில சமயம் புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும்.

பத்தி பத்தியாக மாற்ற வேண்டாம். பத்தி ஸ்டைலின் 'ஜஸ்டிஃபிகேஷன்' பகுதியில் கம்போசரை மாற்றுங்கள். எல்லா ஸ்டைல்களும் ஒரு தாய் ஸ்டைலை அடிப்படையாகக் கொண்டிருந்தால் அங்கே ஒருமுறை மாற்றினால் போதும். அதோடு 'அட்வான்ஸ்ட் கேரக்டர் ஃபார்மேட்ஸ்' பகுதியில் மொழியைத் தமிழ் என்று கொடுங்கள். சொல் ஒடிப்பும் எழுத்துப்பிழைச் சோதனையும் அதைப் பார்த்துத்தான் நடக்கும்.

கோப்பைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக இருக்கிறது. ஆசிரியர் தமிழில்தான் தட்டச்சு செய்ததாகச் சொல்கிறார்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு அது. அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். எழுத்துரு இருக்கும்வரை தமிழ் தெரியும், அது போனால் அடியில் உள்ள ஆங்கிலம் தெரியும். பழைய எழுத்துருவை நிறுவிக்கொண்டு அப்படியே பக்கம் போடவும் முடியும். ஆனால் அதில் உருவாகும் பிடிஎஃப்பில் தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது, மின்நூல் ஆக்க முடியாது. ஆகவே முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன.

மாற்றும்போது மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

கோப்பின் இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால், அவற்றையும் தமிழ் என்று எண்ணிக் கருவி மாற்றிவிடும். வேர்டில் எழுத்துருவை வைத்துத் தேடி, பழைய எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் மாற்ற வேண்டும்.

அடுத்தது நிறுத்தக்குறிகள். பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி, காற்புள்ளி விசைதான் 'இ'. இது தெரியாமல், மாற்றுவதற்கு முன்பே 'காற்புள்ளிக்குப் பின் இடைவெளி சேர்' என்று வேர்டில் ஓட்டினால் 'இ' வரும் இடமெல்லாம் சொல் பிளந்துவிடும். நிறுத்தக்குறித் திருத்தம் எதுவானாலும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான்.

மூன்றாவது, வேர்டின் தானியங்கித் திருத்தம். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றும் வசதி பழைய எழுத்துருவில் பெரும் சேதம் செய்யும். பாமினியில் 'த' இருக்கும் விசையின் பெரிய எழுத்தில் 'து' இருக்கிறது. பத்தியின் முதல் சொல் 'தமிழ்' என்றால் அது 'துமிழ்' ஆகிவிடும். பத்தித் தொடக்கங்களை மட்டும் தனியே ஒருமுறை ஓடிப் பார்ப்பது நல்லது.

பெரும்பாலான கருவிகள் வெறும் உரையைத்தான் மாற்றித் தரும், சாய்வும் போல்டும் வழியிலேயே உதிர்ந்துவிடும். பழைய கோப்பை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றைத் திரும்பப் போடுவதைத் தவிர எளிய வழி இல்லை.

மாற்றிய பிறகு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் 'அவர்கள்' என்று தேடினால் பாதி இடங்களில்தான் கிடைக்கிறது. ஏன்?

கண்ணுக்குச் சரியாகத் தெரிவதுதான் இங்கே சிக்கல். 'ர' எழுத்தும் துணைக்காலும் பார்ப்பதற்கு ஏறத்தாழ ஒன்று. பழைய தட்டச்சு வழக்கில் பலர் 'ர்' வர வேண்டிய இடத்தில் துணைக்கால் போட்டு அதன்மேல் புள்ளி வைத்தார்கள். அது யூனிகோடுக்கு அப்படியே வந்துவிடுகிறது: 'அவர்கள்' என்பது 'அவா்கள்' என்று பதிவாகியிருக்கும். 'தெரியும்' என்பது 'தொியும்' ஆகவும், 'பேர்' என்பது 'போ்' ஆகவும் கிடக்கும். சில எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. வேறு எழுத்துருவுக்கு மாற்றியதும், அல்லது மின்நூலில் பார்த்ததும், புள்ளி வட்டங்கள் முளைக்கும்.

நல்லவேளையாக இதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். தமிழில் ஓர் உயிர்க்குறிக்குப் பின் இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வரவே வராது. ஆகவே துணைக்காலும் புள்ளியும் அடுத்தடுத்து வந்தால் அது 'ர்' தான். துணைக்காலுக்குப் பின் கொக்கி வந்தால் 'ரி'. அந்தக் கொக்கி சுழித்திருந்தால் 'ரீ'. ஒகரக் குறிக்குப் பின் கொக்கியோ புள்ளியோ வந்தால், ஒகரத்தை ஒற்றைக் கொம்பாகவும் மீதியை 'ரி' அல்லது 'ர்' ஆகவும் பிரிக்க வேண்டும். ஓகாரத்துக்கு அதே முறையில் இரட்டைக் கொம்பு. இந்தச் சில மாற்றங்களையும் வேர்டிலேயே செய்துவிடுங்கள்.

ஔகாரத்தில் மட்டும் அப்படிச் செய்யக்கூடாது. 'மௌனம்' என்பதைக் கொம்பும் 'ள' எழுத்துமாகச் சேர்த்து 'மெளனம்' என்று தட்டச்சு செய்திருப்பார்கள். அதைச் சரிசெய்வதாக நினைத்து, கொம்பும் ளகரமும் சேரும் இடங்களையெல்லாம் ஒட்டுமொத்தமாக மாற்றினால் வெள்ளம், தெளிவு, கெளுத்தி எல்லாம் சிதைந்துவிடும். கெளரவம், மெளனம், பெளர்ணமி, பெளத்தம், செளகரியம், வெளவால் என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுங்கள். சொல்லின் முதலில் வரும் 'ஔ'வும் அப்படித்தான்: 'ஒளவை' என்பதை 'ஔவை' ஆக்க வேண்டும், 'ஒளி'யைத் தொடக்கூடாது.

கூடுதல் இடைவெளிகளையும் வெற்று என்டர்களையும் எப்படி ஒட்டுமொத்தமாக நீக்குவது?

'ஃபைண்ட்/சேஞ்ச்' பெட்டியின் மேலே 'கொயரி' என்ற பட்டியல் இருக்கிறது. 'மல்டிபிள் ஸ்பேஸ் டு சிங்கிள் ஸ்பேஸ்', 'மல்டிபிள் ரிட்டர்ன் டு சிங்கிள் ரிட்டர்ன்', 'ரிமூவ் டிரெய்லிங் வைட்ஸ்பேஸ்' ஆகியவை அதில் தயாராகவே இருக்கின்றன. தேர்ந்தெடுத்து ஓட்டினால் போதும். பத்திகளுக்கு இடையிலான இடைவெளியையும் உள்தள்ளலையும் இனி பத்தி ஸ்டைல் பார்த்துக்கொள்ளும்.

ஓட்டுமுன் ஒன்று. கோப்பில் கவிதை இருக்கிறதா என்று பாருங்கள். கவிதையில் வெற்று வரி என்பது இரண்டு பத்திகளுக்கு இடையில் கவிஞர் விட்ட மௌனம், அதை நீக்க நமக்கு உரிமையில்லை. உள்தள்ளிய அடிகளும் அப்படியே. கவிதைப் பகுதிகளுக்கு முதலில் தனிப் பத்தி ஸ்டைல் கொடுத்துவிடுங்கள். பிறகு தேடலை 'உரை' ஸ்டைலுக்குள் மட்டும் நடக்கும்படி 'ஃபைண்ட் ஃபார்மேட்' வழியாகக் கட்டுப்படுத்தலாம். கதைகளில் காட்சி மாறும் இடத்தில் விடும் வெற்று வரியும் இதே வகைதான். அங்கே முன்கூட்டியே நட்சத்திரக் குறி போன்ற அடையாளம் ஒன்றை வைத்துவிடுங்கள்.

இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய உரையில் கண்ணுக்குத் தெரியாத வேறு சில குறிகளும் வரும். இரண்டு சொற்களைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும் உடையா இடைவெளி அவற்றில் ஒன்று. வரி உடைய வேண்டிய இடத்தில் உடையாமல், மேல் வரியில் சொற்கள் அகன்று நிற்கும். 'ஷோ ஹிடன் கேரக்டர்ஸ்' போட்டுப் பார்த்தால் சாதாரண இடைவெளிப் புள்ளியிலிருந்து வேறான குறியாகத் தெரியும். தேடல் பெட்டியின் சிறப்பு எழுத்துகள் பட்டியலில் 'வைட் ஸ்பேஸ்' பிரிவில் அது இருக்கிறது. சாதாரண இடைவெளியாக மாற்றிவிடுங்கள். அகலமே இல்லாத 'நான்-ஜாயினர்' குறியை மட்டும் மொத்தமாக நீக்காதீர்கள். 'ரிக்‌ஷா' என்று எழுதும்போது க், ஷ இரண்டும் கூட்டெழுத்தாக ஒட்டிவிடாமல் இருக்க அது தெரிந்தே போடப்பட்டதாக இருக்கலாம்.

ஒவ்வொரு வரியும் பாதியில் முடிந்து அடுத்த வரிக்குப் போகிறது.

மின்னஞ்சலிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ எடுத்த உரையாக இருக்கும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு என்டர் உட்கார்ந்திருக்கிறது. பத்திகளுக்கு இடையே இரண்டு என்டர் இருந்தால் சுலபம்: இரட்டை என்டரை எங்கும் வராத ஒரு குறியாக மாற்றுங்கள், ஒற்றை என்டரை இடைவெளியாக மாற்றுங்கள், பிறகு அந்தக் குறியை என்டர் ஆக்குங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. வெறும் உரைக் கோப்பு என்றால் இம்போர்ட் ஆப்ஷன்ஸிலேயே கூடுதல் ரிட்டர்ன்களை நீக்கும் வசதி இருக்கிறது. அதே பெட்டியில் எழுத்துக் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று கொடுக்கத் தவறினால் தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரும்.

தமிழ் பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்வது பெரும்பாலும் வீண் வேலை. உயிர்க்குறிகள் இடம் மாறி, எழுத்துகள் விடுபட்டு வரும். மூல வேர்டு கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்கவே கிடைக்காது என்றால், டெசராக்ட் போன்ற எழுத்துணரிக்குப் படமாகக் கொடுத்து உரையை எடுத்து, மெய்ப்புப் பார்ப்பது மேல்.

படங்களும் அட்டவணைகளும்?

வேர்டுக்குள் ஒட்டிய படங்களை இம்போர்ட் செய்ய வேண்டாம், தனிக் கோப்புகளாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியரிடம் அசல் இல்லையென்றால், டாக்எக்ஸ் கோப்பின் நகலுக்கு ஜிப் என்று பின்னொட்டை மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே 'வேர்டு' என்ற அடைவில் 'மீடியா' என்ற அடைவு இருக்கும், படங்கள் எல்லாம் அங்கே கிடக்கும். அச்சுக்கு ஏற்ற அளவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அட்டவணைகளை வடிவமைப்பு இல்லாமல் இறக்கி, இங்கே டேபிள் ஸ்டைல் கொடுப்பதுதான் சுத்தம். வேர்டின் டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் உள்ள உரை நம்பிக்கையாக வராது, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அடிப்பகுதியிலும் எழுதியவை வரவே வராது. இம்போர்ட் செய்யுமுன் டெக்ஸ்ட் பாக்ஸில் உள்ளதை வெளியே எடுத்து உரைக்குள் ஒட்டிவிடுங்கள்.

அடிக்குறிப்புகள் தொலைந்துபோகின்றன, எண்கள் மாறுகின்றன.

வேர்டின் அடிக்குறிப்பு வசதியில் போட்டவை என்றால், இம்போர்ட் பெட்டியில் 'ஃபுட்நோட்ஸ்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது போதும். ஆனால் பலர் உரையில் ஓர் எண்ணை மேலெழுத்தாக்கிவிட்டு, பக்கத்தின் அடியில் குறிப்பைத் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். அது அடிக்குறிப்பே அல்ல, பக்கம் மாறினால் குறிப்பு நட்டநடு உரையில் வந்து நிற்கும். கையால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. அதை வேர்டிலேயே செய்யுங்கள்.

தானியங்கி எண்களும் பட்டியல் புள்ளிகளும் தகராறு செய்தால், இம்போர்ட்டிலேயே அவற்றைச் சாதாரண உரையாக மாற்றும் தேர்வு இருக்கிறது. சட்ட விதிகள், தேர்வு வினாக்கள் போல எண் மாறவே கூடாத உரைகளுக்கு அதுதான் பாதுகாப்பு.

உரையின் பிற்பகுதியைக் காணவில்லை.

உரை நிற்கும் பெட்டியான சட்டகத்தின் (ஃபிரேம்) மூலையில் சிவப்புக் கூட்டல் குறி இருக்கும். மீதி உரை உள்ளே மடிந்து கிடக்கிறது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு பிளேஸ் செய்தால் தேவையான பக்கங்களைத் தானே சேர்த்துக்கொண்டு ஓடும்.

பக்கம் போட்டு முடித்த பிறகு ஆசிரியர் திருத்திய வேர்டு கோப்பை அனுப்புகிறார். திரும்பவும் முதலிலிருந்தா?

வேண்டாம். முன்னுரிமைகளில் உரைக் கோப்புக்கு இணைப்பு உருவாக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு வைத்தால் வேர்டில் மாற்றியது இங்கே புதுப்பிக்கப்படும் என்பது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் புதுப்பிக்கும்போது கோப்பு மறுபடி இறக்கப்படுகிறது, இங்கே நீங்கள் கைபட்டுச் செய்த அத்தனை மாற்றமும் போய்விடும். புத்தக வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

வேர்டின் 'கம்பேர்' வசதியில் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, மாறிய இடங்களை மட்டும் பட்டியலெடுங்கள். அவற்றைப் பக்கத்தில் நேரடியாகத் திருத்துங்கள். நீண்ட பகுதி மாறியிருந்தால், 'ஸ்டோரி எடிட்டர்' சாளரத்தில் ஒட்டினால் அடிபடாமல் இருக்கும். அதைவிட நல்லது, பக்கம் போட்ட பிறகு திருத்தங்கள் பிடிஎஃப் மெய்ப்பில்தான் என்று முன்பே பேசி வைத்துக்கொள்வது. முதல் இம்போர்ட்டுக்கு முன்பும், 'டிராக் சேஞ்சஸ்' எல்லாம் ஏற்கப்பட்டோ நிராகரிக்கப்பட்டோ தீர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நீக்கிய சொற்கள் அச்சில் உயிர்த்தெழுவது அதனால்தான்.

ஸ்க்ரைபஸில் தமிழ் வருமா?

வரும். பழைய 1.4 வரிசையில் எழுத்துகள் சேராது. 1.5.3 பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துச் சேர்ப்புப் பொறி வந்ததால் தமிழ் ஒழுங்காக நிற்கிறது. 2024 தொடக்கத்தில் வெளிவந்த 1.6 நிலையான பதிப்பு. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்த வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

உரையை லிப்ரேஆபிஸ் ரைட்டரில் திறந்து, ஸ்டைல்களை ஒழுங்குபடுத்தி, ஓடிடி வடிவில் சேமித்து இறக்குவது நல்லது. இறக்கும்போது, ஏற்கெனவே உள்ள பத்தி ஸ்டைல்களின் மேல் எழுதவா என்று கேட்கும். உங்கள் ஸ்டைலும் கோப்பின் ஸ்டைலும் ஒரே பெயரில் இருந்து நீங்கள் ஆம் என்றால், உங்கள் வடிவமைப்பு போய்விடும். ஆவணப் பெயரை முன்னொட்டாகச் சேர்க்கும் தேர்வை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வோர் அத்தியாயமும் தனக்கென்று ஒரு ஸ்டைல் கூட்டத்தையே கொண்டுவரும்.

குறிப்பிட்ட ஒரு கோப்பை மட்டும் இறக்கவே முடியவில்லை. மென்பொருள் உறைந்துவிடுகிறது.

கோப்பின் உள்ளே ஏதோ பழுது. முதலில் வேர்டில் திறந்து ஆர்டிஎஃப் வடிவில் சேமித்து, அதை இறக்கிப் பாருங்கள். பல கோப்புகள் இதிலேயே குணமாகிவிடும். ஆகவில்லையென்றால், கடைசிப் பத்திக் குறியை மட்டும் விட்டுவிட்டு மீதி உரையை ஒரு புதிய ஆவணத்தில் ஒட்டுங்கள். வேர்டு பல அமைப்புகளை அந்தக் கடைசிப் பத்திக் குறியில்தான் கட்டி வைக்கிறது, பழுதும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் கோப்பைப் பாதியாக வெட்டி இரண்டையும் தனித்தனியே இறக்குங்கள். எந்தப் பாதி உறைகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். சீக்கிரமே ஒரு படத்திலோ ஓர் அட்டவணையிலோ போய் நிற்பீர்கள். அதை மட்டும் நீக்கிவிட்டு, லேஅவுட்டில் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.